செப்பு ரிவெட் வைத்த தையல்காரர்

ஜீன்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது முதலில் பேண்ட்டின் பெயர் அல்ல, துணியின் பெயர். இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ழேன்' என்பார்கள். அந்த ஊர்த் துணி ஆங்கிலத்தில் 'ஜீன்' ஆனது. டெனிம் என்ற பெயர், பிரான்சின் நீம் நகரத்து செர்ஜ் துணியிலிருந்து வந்தது என்பார்கள். டங்கரீஸ் என்ற சொல் பம்பாயின் டோங்ரியிலிருந்து போனது.

ஒன்றைக் கவனியுங்கள். ஜீன் வேறு, டெனிம் வேறு. பழைய ஜீன் துணியில் பாவும் ஊடையும் ஒரே நிறம். டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. உங்கள் ஜீன்ஸின் காலை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள், உள்பக்கம் வெளிறித் தெரியும். ஆக, ஜீன்ஸ் என்று நாம் போட்டுக்கொண்டிருப்பது டெனிம்தான்.

துணிக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது. பேண்ட்டுக்குக் கம்பெனிப் பெயர் இருக்கிறது. அதைத் தைத்தவர் பெயர்? தையல்காரனாகிய எனக்கு அதுதான் முக்கியம். அவர் பெயர் ஜேக்கப் டேவிஸ். ரீகா நகரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். நெவாடா மாநிலத்து ரீனோவில் கடை வைத்து, கூடாரம், வண்டி மூடும் துணி, குதிரைப் போர்வை என்று முரட்டு வேலையெல்லாம் தைத்தார்.

1871-ஐ ஒட்டி ஒரு பெண்மணி வந்தார். விறகு வெட்டும் கணவருக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று கேட்டு 3 டாலர் கொடுத்தார். எங்கே கிழியும்? பாக்கெட் மூலையில் கிழியும். கையை நுழைக்க நுழைக்க, பாரமெல்லாம் அந்த மூலையில் இறங்கும். கடைசித் தையல் அறுந்தால் அடுத்தது, அதுவும் அறுந்தால் அதற்கடுத்தது. எத்தனை முறை ஓட்டித் தைத்தாலும் நூல் நூல்தான். டேவிஸின் மேசையில் குதிரைப் போர்வைக்கு அடிக்கும் செப்பு ரிவெட் கிடந்தது. அதை எடுத்துப் பாக்கெட் மூலைகளில் அடித்துவிட்டார். இழுவை நூலுக்குப் போகாமல் செம்புக்குப் போனது. முதல் பேண்ட் நீலம்கூட இல்லை, டக் என்ற வெளிர்நிற முரட்டுத் துணி.

திரும்பச் சொல்கிறேன், பாக்கெட் மூலையில் ஒரு செப்பு ரிவெட். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. தையல் கலையில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் நூலைக் கூட்டிக்கொண்டே போவோம். அவர் நூலின் பாரத்தை இறக்கிவிட்டார்.

காப்புரிமைக்குக் கட்டப் பணம் வேண்டுமே. தனக்குத் துணி அனுப்பிய சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு டேவிஸ் எழுதினார். 1873 மே 20-ஆம் தேதி 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. டேவிஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கே போய் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டார். பின் பாக்கெட் ரிவெட் நாற்காலியையும் சேணத்தையும் கீறுகிறது என்று புகார் வந்ததால், 1937-இல் அதைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள். பிற்காலத்தில் அங்கே ரிவெட்டுக்குப் பதில் நெருக்கமான பார்டேக் தையல் வந்தது.

கிழியாமல் இருக்கப் பிறந்த பேண்ட் இது. அதைக் கிழித்து விற்கிறார்கள், கிழிசலுக்குக் கூடுதல் விலையும் வைக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையன் புத்தம்புது ஜீன்ஸைக் கொண்டுவந்து, "முட்டியில கொஞ்சம் கிழிச்சுக் குடுங்கண்ணே" என்றான். "தைக்கணும்னா கொண்டா தம்பி, கிழிக்க நான் வரல" என்று அனுப்பிவிட்டேன். அழகுக்காக ஒட்டிவைத்த பொய் ரிவெட்டும் வருகிறது. துணியைத் துளைத்து மறுபக்கம் பிடிக்காத ரிவெட் எதையும் தாங்காது.

அடுத்த முறை ஜீன்ஸ் எடுக்கும்போது நிறத்தையும் கிழிசலையும் பார்ப்பதற்கு முன்னால் பேண்ட்டின் உள்பக்கம் முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். மூலையில் ரிவெட்டின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அந்தப் பேண்ட்டை வாங்காதீர்கள்.