வலைப்பதிவும் வர்த்தமானப் பத்திரிகையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வலைப்பதிவும் வர்த்தமானப் பத்திரிகையும் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நம் இளைஞர் பலர், “பத்திரிகைகளை நம்பியிருப்பானேன்? அவரவர் தாமே இணையத்தில் எழுதிவிட்டால் போதாதா?” என்று கேட்டு வருகின்றனர். பெரியோரோ, “ஆசிரியரும் அச்சுக்கூடமும் இல்லாமல் எவரோ எழுதுவதை எவ்வாறு நம்புவது?” என்கின்றனர். நமக்கு உவப்பானது இளைஞர் கட்சியே. எனினும் பெரியோர் வினாவை எளிதில் தள்ளிவிடக் கூடவில்லை. இதனைப் பொதுப்படப் பேசப் புகின் விடியுமட்டும் பேசலாம். ஆதலின், ஒரு சிறு தேசத்தில் ஓர் அம்மையார் நடத்திய வலைப்பதிவின் சரித்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதனுள்ளே இவ்விரு கட்சிக்கும் வேண்டிய சான்றுகள் யாவும் அடங்கிக் கிடக்கின்றன.

வலைப்பதிவு யாதெனின், ஒருவர் எழுதியதை நாள் வரிசையில் இணையத்தில் தாமே வெளியிட்டு வரும் குறிப்பேடு. 1990-களின் இறுதியில் இது தோன்றிற்று. 1999-இல் பொருட்செலவின்றி எழுதுதற்குரிய வசதி வந்தபின் உலகெங்கும் பரவிற்று. அதற்கு முன் ஒருவர் தம் கருத்தை ஊரறியச் செய்ய விரும்பினால் அச்சுக்கூடம் வேண்டும், காகிதம் வேண்டும், தபாற் செலவுக்குப் பணம் வேண்டும், சந்தாதாரர் வேண்டும். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ போன்ற சிறு பத்திரிகைகள், பெரிய பத்திரிகைகள் இடந்தராத செய்திக்கு இடந்தேடி எழுந்தவையே. நீங்கள் மாதந்தோறும் வாசிக்கும் நம் இதழும் அவ்வினத்ததே. ஆயினும் சங்க இதழுக்கு ஒரு காவல் உண்டு. பலர் கூடி நடத்துவது அது. வலைப்பதிவிலோ ஆசிரியரும் ஒருவரே, நிருபரும் ஒருவரே, வழக்கு வந்தால் பிரதிவாதியும் அவ்வொருவரே.

மத்தியதரைக் கடலிலே, இத்தாலிக்குத் தெற்கே, மால்ட்டா என்றொரு தீவு நாடு உண்டு. பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியினும் சிறியது. 1964-இல் ஆங்கிலேயர் ஆட்சியினின்று விடுபட்டு, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. தொழிற்கட்சி, தேசியக் கட்சி என அங்கே இரு பெருங் கட்சிகள். இவ்விரண்டும் தத்தமக்கெனத் தொலைக்காட்சியும் வானொலியும் வைத்திருக்கின்றன. (நம் தமிழ்நாட்டாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை!) கட்சி சாராத பத்திரிகைகளும் உண்டு. ஆனால் சிறிய தேசத்தில் விளம்பரம் தருவோர் சிலரே. எல்லாரும் எல்லாருக்கும் உறவினர், அல்லது ஒரே தெருவினர். அங்கே ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு மறுநாள் கடைத்தெருவில் அவர் முகத்தில் விழிக்காமலிருத்தல் இயலாது.

இத்தகைய ஊரில் டாப்னி கருவானா கலீசியா என்னும் அம்மையார், 1990 முதல் பத்திரிகைகளில் தம் சொந்தப் பெயரிட்டு அரசியற் கட்டுரை எழுதி வந்தார். 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘ரன்னிங் காமென்ட்டரி’ என்னும் வலைப்பதிவைத் தொடங்கினார். ஓயாது தொடரும் உரை என்பது அப்பெயரின் கருத்து, அவர் ஓயவுமில்லை. காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று என எழுதிக் குவித்தார். பத்திரிகைக் கட்டுரையையும் விட்டாரல்லர். கட்டுரைக்குக் கிழமையும் அளவும் உண்டு. பதிவுக்கு அவை இல்லை என்பதே அவர் கண்ட பயன். அத்தேசத்துப் பத்திரிகைகள் அனைத்தையும் சேர்த்து வாசிப்போரினும் அவர் பதிவை வாசித்தோர் மிகுதியாயிருந்த நாட்களும் உண்டு என்று பலரும் எழுதியுள்ளனர்.

2016 பிப்ரவரியில், மந்திரி ஒருவருக்கும் பிரதம மந்திரியின் அலுவலகத் தலைவருக்கும் பனாமா தேசத்தில் இரகசியக் கம்பெனிகள் உள்ளன என்று அவர் பதிவில் வெளியிட்டார். ‘பனாமா ஆவணங்கள்’ எனப் பெயர் பெற்ற பெருந்தொகுதியை உலகப் பத்திரிகைகள் பல கூடி வெளியிட்டது 2016 ஏப்ரலில். அதாவது, நூற்றுக்கணக்கான நிருபர்கள் ஆராய்ந்து கொண்டிருந்த செய்தியின் ஒரு பகுதி, வீட்டு மேசையில் எழுதிய ஓர் அம்மையார் வாயிலாக முன்னரே ஊருக்குத் தெரிந்தது. இருவரும் தாம் குற்றம் ஏதும் இழைக்கவில்லை என்றே சாதித்தனர், பதவியையும் இழந்தாரல்லர்.

அடுத்து நடந்ததே நாம் அனைவரும் ஊன்றி நோக்கற்பாலது. 2017-இல் அத்தீவிலிருந்த ஒரு வங்கியைப் பற்றி அவரும் எழுதினார், பத்திரிகைகளும் எழுதின. வங்கியின் வக்கீல்கள் வெளிநாட்டு நியாயஸ்தலங்களில் பெருந்தொகை கேட்டு வழக்கிடுவதாக அச்சுறுத்தவே, பத்திரிகைகள் தாம் வெளியிட்டவற்றைத் திருத்தின. சிலவற்றை நீக்கியும் விட்டன. பத்திரிகை முதலாளிகளைக் கோழைகள் என்று நாம் சொல்லமாட்டோம். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஒருவர், ஒரு வழக்கில் அச்சகத்தையே இழக்க நேருமாயின், இரண்டு பத்தியை நீக்கிவிட்டு உறங்கச் செல்வது இயல்பு. அம்மையார் நீக்கவில்லை. இழப்பதற்கு அச்சகம் இல்லாமையே அவருடைய வலிமை. அந்த வங்கியின் உரிமத்தை ஐரோப்பிய மத்திய வங்கி 2018-இல் ரத்துச் செய்தது.

ஆனால் அச்சகம் இல்லாதவருக்கும் வீடு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, உயிர் உண்டு. 2017 பிப்ரவரியில் ஒரு மந்திரியும் அவர் உதவியாளரும் தொடுத்த நான்கு மானநஷ்ட வழக்குகளின் பொருட்டு, தீர்ப்புக்கு முன்னதாகவே 47,460 யூரோ வரையில் அவருடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மந்திரி அச்செய்தி பொய் என்றார். வாசகர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அத்தொகையினும் மிகுதியாகவே விரைவில் திரட்டிவிட்டனர். அம்மையார் சரித்திரத்தில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இது. செய்தியை இலவசமாக வாசித்தவர்கள், அதற்கு விலையொன்று உண்டு என்பதை உணர்ந்து அதில் ஒரு பங்கைத் தாமும் ஏற்றனர்.

இனிப் பெரியோரின் வினாவுக்கு வருவோம். அம்மையார் எழுத்தில் குற்றம் இல்லையா எனின், உண்டு. அரசியலாரின் காரியங்களோடு அவர்தம் உடையையும் உருவத்தையும் குடும்ப வாழ்வையும் எள்ளி எழுதினார். ஒரு நல்ல உதவியாசிரியர் பக்கத்திலிருந்திருந்தால் அவற்றிற் பாதியை அடித்திருப்பார். அதனினும் பெரியது ஒன்று. பனாமாக் கம்பெனிகளுள் ஒன்று பிரதம மந்திரியின் மனைவியாருடையது என்று 2017 ஏப்ரலில் எழுதினார். அவர்கள் மறுத்தனர், பிரதம மந்திரி விசாரணை கோரியதோடு, பொதுத்தேர்தலையும் ஓராண்டு முன்னதாக ஜூன் மாதத்தில் நடத்தி வெற்றியும் பெற்றார். 2018 ஜூலையில் வெளிவந்த மாஜிஸ்திரேட்டின் முடிவு, அக்கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே. தனியே எழுதுபவருக்கு, “இந்தப் பத்திரத்தை நீர் கண்ணாற் கண்டீரா?” என்று மேசைக்கு அப்பாலிருந்து கேட்பார் இல்லை. அக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வதோ யாருக்கும் அரிது.

2017 அக்டோபர் 16-ஆம் நாள் பிற்பகல், தேசத்தின் நிலைமை கைம்மீறிப் போயிற்று என்னும் கருத்துப்படக் கடைசிப் பதிவை எழுதி வெளியிட்டார். ஏறக்குறைய அரைமணி கழித்து, வீட்டருகே சாலையில் அவர் ஓட்டிச் சென்ற கார் வெடிகுண்டினால் சிதறிற்று. அப்போது அவருக்கு வயது 53. முடக்கப்பட்ட கணக்கின் பொருட்டு வங்கிக்குப் போகும் வழியில் அது நிகழ்ந்தது என்பர். நாற்பதுக்கு மேற்பட்ட மானநஷ்ட வழக்குகள் அவர்மீது நிலுவையில் இருந்தன. அத்தேசத்துச் சட்டப்படி அவற்றிற் பல அவர் கணவரையும் புதல்வர்களையும் வாரிசுகள் என்ற முறையில் தொடர்ந்தன. தாயைப் புதைத்த பிள்ளைகள், தாய் எழுதியதற்காக நியாயஸ்தலத்திற் போய் நிற்க நேர்ந்தது! இதனினும் கொடிதொன்றை நாம் அறியோம்.

வலைப்பதிவு பத்திரிகைக்கு மாற்றா, துணையா என்னும் ஆராய்ச்சிக்கு இதன்பின் நடந்தது பெரிதும் பயன்படும். அம்மையார் 2017 பிப்ரவரியில், ‘17 பிளாக்’ என்னும் துபாய்க் கம்பெனி ஒன்றின் பெயரைப் பதிவிற் குறித்திருந்தார். அதன் சொந்தக்காரர் யார் என்று அவர் வெளியிடுமுன் உயிர் போயிற்று. 2018 ஏப்ரலில் பதினெட்டுச் செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த நாற்பத்தைந்து நிருபர்கள் ஒன்றுகூடி, அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தனர். பனாமாக் கம்பெனிகளுக்கு அந்தத் துபாய்க் கம்பெனியிலிருந்து பணம் வருவதாக ஏற்பாடு என்று ஒரு பழைய மின்னஞ்சல் காட்டிற்று. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டரும் ‘டைம்ஸ் ஆப் மால்ட்டா’வும் அதன் சொந்தக்காரராகிய வியாபாரியின் பெயரை வெளியிட்டன. அவ்வியாபாரி 2019 நவம்பரில் தம் உல்லாசக் கப்பலில் தீவை விட்டுப் புறப்பட்டபோது பிடிக்கப்பட்டு, கொலைக்கு உடந்தை என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் அதனை மறுத்தார். ஜனங்கள் நாள்தோறும் வீதியில் திரண்டனர். 2020 ஜனவரியில் பிரதம மந்திரி பதவி விட்டார். 2021 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் குழு, யார் எது செய்தாலும் தண்டனையில்லை என்னும் நிலையை உண்டாக்கியமையால் அக்கொலைக்கு அரசாங்கமும் பொறுப்பாளியே என்று தீர்மானித்தது. குண்டு வைத்த சகோதரர் இருவருக்கு 2022 அக்டோபரில் தலைக்கு நாற்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பதினெட்டு நிறுவனங்கள் சேர்ந்து அறுவடை செய்த பயிரின் விதை ஒருவர் கையால் விழுந்தது. அவ்விதையை எந்த நிறுவனமும் தானே முதலில் விதைத்திராது என்பது நம் துணிபு. அறுவடை அவரால் மட்டும் முடிந்திராது என்பதும் அவ்வாறே. “பத்திரிகைகள் வேண்டா” என்னும் இளைஞர் இப்பின்பாதியை மறந்து பேசுகின்றனர்.

மால்ட்டா 2018-இல் அவதூறுக்குச் சிறைத்தண்டனை என்னும் சட்டத்தை நீக்கிற்று. வாயடைக்கும் வழக்குகளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அம்மையார் பெயராலேயே அதனை வழங்குகின்றனர். நம் தேசத்தில் நிலைமை வேறு. அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்த பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்த்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் இரண்டாண்டு வரை சிறை உண்டு. நம் இளைஞன் ஒருவன் ஏரி மண் வெட்டிச் செல்லும் லாரிகளைப் பற்றிக் கைப்பேசியில் எழுதுவானாயின், உண்மையையே எழுதியிருந்தாலும், வாய்தாவுக்கு வாய்தா நியாயஸ்தலத்துக்கு அலைந்தே அவன் வேலையை இழப்பான். அப்போது, “உன்னை யார் எழுதச் சொன்னது?” என்று முதலிற் கேட்பவர் நாமாகத்தானே இருப்போம்?

இன்னும் கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், பெரியோர் பொறுத்தருள்க. லாரிக்காரர் நம்மவராயிருந்தால் என் செய்வோம்? நம் சங்கத்து மாணவர் நிதிக் கணக்கையே ஒருவன் எழுதினால் என் செய்வோம்? மால்ட்டாவில் எல்லாரும் உறவினர் என்றோமே. சங்கம் என்பதும் ஒரு சிறு தீவுதான். வெளியாரைப் பற்றி எழுதும்போது தட்டிக்கொடுத்து, உள்ளதைப் பற்றி எழுதும்போது விலக்கி வைப்போமாயின், இளைஞன் கற்பது ஒன்றே: வாய் மூடியிருத்தல்.

ஆகவே காரியக் கமிட்டியார் முன் ஒரு பிரேரணை வைக்கிறோம். தம் ஊர்ப் பொதுக் காரியம்பற்றி எழுத விரும்பும் இளைஞர்க்கு, எழுதுவதை வெளியிடுமுன் பார்வையிட்டு யோசனை கூற நம் வக்கீல்களிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களிலும் மூவரை நியமிக்க வேண்டும். ஆவணத்தின் நகல் கையில் இருக்கிறதா, எதிர்த்தரப்பாரிடம் விளக்கம் கேட்டாயா என்னும் இரு கேள்விகளை அவர்கள் தவறாமற் கேட்க வேண்டும். அதன்பின் வழக்கு வருமாயின், முதல் வாய்தாவிலிருந்து அதன் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். எழுதப்பட்டவர் நம் சங்கத்தவரேயாயினும் இவ்விதி மாறலாகாது என்பதையும் தீர்மானத்திலேயே சேர்த்தெழுத வேண்டும். இதனை வழிமொழிவார் உளரேல், அக்கிராசனாதிபதி அவர்கள் இன்று மாலையே வோட்டுக்கு விடலாம்.