உடம்புக்கேற்ற சைக்கிள்

(தாய்மார்கள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



இன்று நான் தடுப்பூசியைப் பற்றியோ சத்துணவைப் பற்றியோ பேச வரவில்லை. சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இந்த வயசுல எங்களுக்கு எதுக்கும்மா சைக்கிளு?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. எனக்கு வயது 56. நானும் அப்படிக் கேட்டவள்தான்.

நான்கு வருஷங்களுக்கு முன் என் இரத்தத்தைப் பரிசோதித்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. என் தாயார் சர்க்கரை வியாதியால் ஒரு காலையே இழந்தவர். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நடக்கலாம் என்றால் முழங்கால் வலி. "அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள்" என்றார் டாக்டர்.

மறுநாளே கடைக்குப் போனேன். கண்ணைப் பறித்த ஒரு கியர் வண்டியை வாங்கி வந்தேன். குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார், கூரான சீட். ஒரே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, முழங்கால் வலியும் கூடியது. வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்த் துணி காயப்போடும் கொடியாயிற்று.

கடைசியில் தெருமுனை சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னார்: "வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. உங்க உடம்புக்கும் இதுக்கும் அளவு பொருந்தல." என் மகள் பதினோராம் வகுப்பில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை ஓவராயில் செய்து, சீட்டை மூன்று விரற்கடை உயர்த்திக் கொடுத்தார். இன்றுவரை நான் ஓட்டுவது அந்த வண்டிதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: விலை உயர்ந்த வண்டி நல்ல வண்டி அல்ல, உடம்புக்குப் பொருந்துகிற வண்டியே நல்ல வண்டி. வலி கொடுக்கிற வண்டியை யாரும் தினமும் ஓட்டமாட்டார்கள். தினமும் ஓட்டாவிட்டால் பலன் ஏது?

சைக்கிள் ஏன் நல்லது?

நடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் கால்கள் தாங்குகின்றன. சைக்கிளில் பெரும்பங்கு பாரத்தைச் சீட் தாங்குகிறது. ஆகவே மூட்டுக்குச் சிரமம் குறைவு. தொடைத் தசை வலுப்படுகிறது. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. இருதயத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நல்லது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியிருக்கிறது. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் ஓட்டினால் 150 நிமிஷம் ஆகிவிடுகிறதல்லவா?

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் உயரம். பார் வைத்த வண்டியானால், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் பாருக்கும் உங்களுக்கும் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். புடவை கட்டுகிறவர்களுக்கும், காலைத் தூக்கிப் போட முடியாத பெரியவர்களுக்கும் பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளே சௌகரியம். செயின் கார்டும், பின் சக்கரத்தில் புடவை சிக்காதபடி வலையும் அவசியம்.

இரண்டாவது, சீட்டின் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும். புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டும் கால் தரையில் ஊன்றும்படி தாழ்த்தி வைத்து, பழகியபின் உயர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஹேண்டில்பார். சீட்டுக்குச் சமமாகவோ சற்று உயரமாகவோ இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். கழுத்தும் மணிக்கட்டும் பிழைக்கும். நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்குச் சற்று அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் நல்லது. மெத்தை மாதிரி அமுங்குகிற சீட் கடையில் சுகமாகத்தான் இருக்கும். அரைமணி ஓட்டினால் தெரியும் அவஸ்தை.

நான்காவது, கியர் வேண்டுமா? நீலகிரி, ஏற்காடு போன்ற மேட்டுப்பாங்கான ஊர்களில் வேண்டும். சமதரை ஊருக்குத் தேவையில்லை. கியர் இல்லாத வண்டிக்கு விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. மலிவு வண்டியில் வைத்திருக்கும் ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டும். சற்று அகலமான டயரே கிராமத்து ரோட்டின் குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கோணலாக ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் விரிசலோ வளைவோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மிச்சப்படும் பணத்தில் ஹெல்மெட், விளக்கு, பூட்டு, காற்றடிக்கும் பம்பு வாங்குங்கள்.

எச்சரிக்கை

முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். நெஞ்சு வலியோ, தலைசுற்றலோ, மூச்சு முட்டலோ வந்தால் உடனே இறங்கிவிடுங்கள். இறங்கியும் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். இருதய வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்; செருப்பில்லாமல் மிதிக்காதீர்கள்.

"ஊர் சிரிக்காதா?" என்பது மிச்சமிருக்கும் கேள்வி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வயல்வேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், நர்சுகள் எல்லோரும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். பார்மேல் குழந்தையை உட்காரவைத்தும் போனார்கள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது.

எனக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாப்பாட்டையும் மாற்றினேன், சைக்கிள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விடியற்காலையில் ஏரிக்கரைவரை போய்வரும் அந்த அரைமணி நேரம் யாருக்காகவும் அல்லாமல் எனக்காக நான் வாழ்கிற நேரம். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தாய்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கொல்லையில் கிடக்கும் சைக்கிளைத் தூசி தட்டுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வண்டியோடே வாருங்கள்; அளவு பார்த்துத் தருகிறேன்.