நிறைந்தாலும் சொல்லாத பை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏறித் தவறி விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் உண்டு. கால் நடக்காதது ஊருக்குத் தெரிகிறது. ஒண்ணுக்கு வருவதே தெரியாமல் போனதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே மறைத்துக்கொள்கிறார்கள்.

சாதாரணமாகச் சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்வு வரும். 400, 500 ஆனால் அடக்குவது கஷ்டம். அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்ட சிலருக்குப் பை நிறைந்தது வேறு மாதிரி தெரியும்: மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, மயிர்க்கூச்சு. ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீங்க, உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி உட்காரவைத்து, உடனே சிறுநீர்ப்பையைக் காலிசெய்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பையை வீட்டிலேயே காலிசெய்ய வழி உண்டு. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ், நோயாளியே கையைச் சுத்தமாகக் கழுவி, மெல்லிய குழாய் விட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்றலாம் என்று காட்டினார். எத்தனையோ பேரின் சிறுநீரகத்தைக் காத்த வழி அது. கோவை அரசு மருத்துவமனையில் சிறுநீரியல் பிரிவு இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

முதுகில் அடிபடாதவர்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம். மனநோய்க்கான சில மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும், சில தூக்கத்தில் கசியவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. படுக்கை நனைந்தால் மாத்திரை சாப்பிடுபவரைத் திட்டாமல், டாக்டரிடம் சொல்லுங்க.