இழை அறுந்தால் யார் பார்ப்பது?

நடுவர் அவர்களே! "ஏ.ஐ. வந்தாச்சு, மென்பொருள் எழுதுற பிள்ளைங்களுக்கு இனி வேலை இல்லை"ன்னு எதிரணி நண்பர் பயமுறுத்திட்டுப் போனார்.

ஓரிக்கைத் தறியைப் பாருங்க ஐயா! 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர், துளை போட்ட அட்டையே இழையைத் தூக்கும்படி செய்தார். அந்த அட்டைதான் பின்னால் கணினிக்கும் போனது. இழை தூக்கிக் கொடுத்த பையன் வேலை போச்சு; அறுந்த இழையைப் பார்க்கிற நெசவாளர் கண்ணுக்கு வேலை போச்சா?

2021-ல் கிட்ஹப் கோபைலட் அறிமுகமானது. நாம் பாதி எழுதினால் மீதியை அது எழுதுகிறது. தப்பையும் தயங்காமல் எழுதுகிறது! எழுதிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது படித்துப் பார்க்கிறான், சோதிக்கிறான்.

ஆனால் ஒன்று. ஊடை போட்டுப் பழகாதவனுக்கு இழை அறுந்தது தெரியுமா? புதிதாக வருகிறவனுக்கும் எழுதிப் பழக இடம் கொடுங்கள். வேலை மாறும், ஒழியாது என்று கூறி அமர்கிறேன்.