பல்கலைக் கழக நூலகம் யாருக்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் மில் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். மகன் காலேஜில் சேர்ந்திருக்கிறான். "கடன் வாங்கிச் சம்பளம் கட்டிவிட்டேன் தோழர், புஸ்தகத்துக்குத்தான் வழியில்லை" என்றார். ஒரு புத்தகத்தின் விலை அவருடைய இரண்டு நாள் கூலி!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது.

2001-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. இப்படிப்பட்டவற்றுக்கு 2002-ல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பெயர் சூட்டினார்கள். 2019-ல் யுனெஸ்கோ மாநாடு இதை வளர்க்கும்படி எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது.

இதன் விசேஷம் என்ன? எழுதியவரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடுகிறார். அவர் பெயரைப் போட்டு எவரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம், தமிழில் பெயர்க்கலாம்.

"அதுதான் இணையத்தில் கிடக்கிறதே, நூலகம் எதற்கு?" என்று கேட்கலாம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் போதுமா? கயிறும் வாளியும் வேண்டாமா? எது நல்ல நூல், எது நம் பாடத்துக்குப் பொருந்தும் என்று தேடித் தருவது யார்? நூலகர்தான்.

ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாஸசூஸெட்ஸ் பல்கலைக் கழக நூலகம் 2011-ல் ஒரு காரியம் செய்தது. விலை கூடிய புத்தகத்தை விட்டுவிட்டுத் திறந்த நூல்களைக் கொண்டு பாடம் நடத்த முன்வந்த ஆசிரியர்களுக்கு மானியம் கொடுத்தது. நூலகம் நினைத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

நம் நாட்டிலும் ஆரம்பம் உண்டு. பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சி ஏடுகளை 'சோத்கங்கா' என்ற பொதுக் களஞ்சியத்தில் இன்று எவரும் வாசிக்கலாம். ஆராய்ச்சி ஏட்டுக்குத் திறந்த கதவு, பாடப் புத்தகத்துக்கும் திறக்கட்டும்!

எழுதுகிறவருக்குக் கூலி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். உழைப்புக்குக் கூலி என்று நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? பல்கலைக் கழகம் அந்தக் கூலியை ஒரு தரம் நியாயமாகக் கொடுக்கட்டும். பிறகு புத்தகம் எல்லோருக்கும் சொந்தமாகட்டும். அந்தப் பணம் யாருடையது? நாம் வாங்கும் சோப்புக் கட்டியிலும் வரி இருக்கிறதே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு பல்கலைக் கழக நூலகமும் திறந்த பாடநூல்களைத் திரட்ட வேண்டும். அவற்றைத் தமிழாக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அச்சிட்டு அடக்க விலைக்குத் தர வேண்டும்.

காலேஜில் பிள்ளை படிக்கும் தோழர்களே, நாளைக்கே நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கேட்கச் சொல்லுங்கள். ஒருவன் கேட்டால் விண்ணப்பம். நூறு பேர் கேட்டால் கோரிக்கை!