மண்ணுக்கடியில் ஒரு நகரப் பாதை



பெருநகர வாழ்வில் நிலத்தடி இருப்புப் பாதைக்கு உள்ள இடம் யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பொருள் பெரிது, எனக்குக் கிடைத்த நேரமோ சிறிது. உலகத்து நகரங்களையெல்லாம் சுற்றிவர முற்பட்டால் எந்த நிலையத்திலும் இறங்கிப் பார்க்க இயலாது. ஆகவே இத்தகைய பாதை முதன்முதலில் அமைந்த இலண்டன் மாநகரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அந்நகரை நேரிற் கண்டவன் அல்லேன். வகுப்பறைச் சுவரில் நிலப்படத்தை மாட்டிப் பாடம் சொன்னவன். அப்பாடத்தைச் சொல்லும்போதெல்லாம், "ஐயா, பூமிக்குள்ளே போனால் மூச்சு எப்படி விடுவார்கள்?" என்று ஒரு பையனாவது எழுந்து கேளாமல் இருந்ததில்லை. நல்ல கேள்வி. அதற்குப் பின்னர் வருவேன்.

முதலில், ஏன் மண்ணுக்குள் போனார்கள்? 1801ஆம் ஆண்டில் இலண்டனின் மக்கட்டொகை பத்து இலட்சத்தை எட்டவில்லை. 1851இல் அது இருபத்துமூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள் புகைவண்டியும் வந்துவிட்டது. நாட்டின் நாற்புறத்திலிருந்தும் இருப்புப் பாதைகள் தலைநகரை நோக்கி வந்தன. ஆனால் அவை நகரின் நடுவே நுழையலாகாது என்று 1846இல் ஓர் அரசாங்க விசாரணைக் குழு பரிந்துரை செய்தது. ஆகவே பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ஆகிய பெரிய நிலையங்களெல்லாம் நகரின் விளிம்பிலேயே நின்றுபோயின. நூறு கல் தொலைவை மூன்று மணி நேரத்தில் கடந்து வந்த பிரயாணி, கடைசி மூன்று கல்லைக் கடக்கக் குதிரை வண்டியில் ஏறித் தெரு நெரிசலில் தவித்தான்.

இதற்கு வழி கண்டவர் சார்லஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர். இலண்டன் நகரசபையின் சட்ட அலுவலராக இருந்தவர். அவரை உறுத்தியது பிரயாணியின் தவிப்பு மட்டும் அன்று, தொழிலாளியின் குடியிருப்பு. நடந்து வேலைக்குப் போகவேண்டியவன் வேலைக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும். அருகில் இருப்பவையோ ஒரே அறையில் ஒரு குடும்பம் அடைந்து கிடக்கும் வீடுகள். மலிவான கட்டணத்தில் ஒரு வண்டி ஓடினால், அவன் நகருக்கு வெளியே நல்ல காற்றுள்ள இடத்தில் வாழ்ந்துகொண்டு நாள்தோறும் வந்து போகலாம் அல்லவா? இதைத்தான் பியர்சன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மேடைதோறும் குழுதோறும் சொல்லிவந்தார். சட்டம் 1854இல் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. முடிவில் நகரசபையே இரண்டு இலட்சம் பவுனுக்குப் பங்கு வாங்கும்படி அவர் செய்தார். 1860இல் வேலை தொடங்கியது.

வேலை முறை எளியது. நம் ஊரில் பாசன வாய்க்கால் சாலையைக் குறுக்கிடும் இடத்தில் என்ன செய்கிறோம்? பள்ளம் தோண்டி, இரு மருங்கும் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி, மண்ணைப் போட்டு மூடிச் சாலையை மறுபடி அமைக்கிறோம். இலண்டனில் ஜான் பௌலர் என்ற பொறியியலறிஞரின் தலைமையில் ஏறத்தாழ நான்கு கல் தூரத்துக்கு இதையே செய்தார்கள். பெரும்பகுதி தெருவின் அடியிலேயே போயிற்று. 1862 ஜூனில் ஃப்ளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு, கட்டிய பகுதியில் வெள்ளம் புகுந்தது. இறைத்துவிட்டு மேலே சென்றார்கள். அந்தச் செப்டம்பரில் பியர்சன் காலமானார். பாதை திறக்க இன்னும் நான்கு மாதங்களே இருந்தன.

1863 ஜனவரி 10ஆம் நாள் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் ஏறினார்கள். முந்திய நாள் நடந்த விருந்துக்குப் பிரதமர் பாமர்ஸ்டன் பிரபுவை அழைத்தபோது, எழுபத்தெட்டு வயதான அவர், தாம் கூடிய மட்டும் மண்ணுக்கு மேலேயே இருக்க விரும்புவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாராம்.

இப்போது அந்த மூச்சுக் கேள்விக்கு வருவோம். முதற் காலத்து வண்டியை இழுத்தது நீராவி எஞ்சின். மூடிய குகைக்குள் கரி எரித்து நீராவி விட்டால் என்ன ஆகும்? வெளிவரும் நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிக் குளிர்விக்கும் ஏற்பாடு எஞ்சினில் இருந்தது. புகையை அவ்வாறு குளிர்விக்க இயலாது அல்லவா? பிரயாணிகள் இருமிக்கொண்டேதான் போனார்கள். புகை வெளியேறப் பாதையில் ஆங்காங்கே திறந்த வெளி விடவேண்டியிருந்தது. செல்வர் வாழும் லீன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் இரு வீடுகளை இடித்து அவ்விதம் இடைவெளி விட்டபோது, வீட்டு வரிசையின் அழகு கெடுமே என்று, அவ்விடத்தில் முகப்பு மட்டும் கட்டி வைத்தார்கள். 23, 24 என்ற எண்ணுள்ள அவ்வீடுகளுக்குக் கதவு உண்டு, தூண் உண்டு, மாடம் உண்டு. பின்னால் வீடு இல்லை. இன்றும் அவை நிற்கின்றன.

செல்வரின் தெருவுக்கு இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் ஏழையின் தெருவை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஃபாரிங்டனை ஒட்டிய ஃப்ளீட் பள்ளத்தாக்கில் நெருங்கிக் கிடந்த ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துத்தான் அப்பக்கம் பாதை வந்தது. வீட்டுக்கு உரியவருக்கு ஈடு கிடைத்தது. வாரக் கூலியில் வாரவாடகை கொடுத்து இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் நகருக்கு வெளியே போகவும் இல்லை; பக்கத்துத் தெருக்களில் முன்னினும் நெருங்கிக் குடியேறினார்கள். யாருடைய நலனுக்காகப் பியர்சன் பாடுபட்டாரோ அவர்களே முதலில் வீடிழந்தார்கள். 1864இல் தொழிலாளருக்கென்று விடியற்காலை வண்டிகள் விடப்பட்டன. போய்வர மூன்று பென்சு. அது பியர்சனின் கனவின் ஒரு பகுதி. எனினும் வீடிழந்தவனுக்கு அது பதிலாகுமா என்று கேட்டால், ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

தெருவைத் தோண்டி மூடும் முறைக்கு எல்லை உண்டு. தெருவெல்லாம் தோண்டினால் நகரம் எப்படி நடமாடும்? இன்னும் ஆழத்தில், கட்டடங்களின் அடித்தளங்களுக்கும் கீழே போகவேண்டும். இதற்கு வழிகாட்டியவர் மார்க் புரூனெல். மரக்கலத்தைத் துளைக்கும் கப்பற்புழு தன் முன்னே குடைந்துகொண்டு பின்னே சுவர் பூசிக்கொண்டு போவதைக் கண்டு, அம்முறையில் தொழிலாளரைத் தாங்கும் இரும்புக் கூடு ஒன்றை வகுத்தார். அதற்குக் 'கேடயம்' என்று பெயர். 1825இல் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் குடையத் தொடங்கி, பலமுறை வெள்ளம் புகுந்து, 1828இல் ஆறு பேரைப் பலிகொடுத்து, 1843இல்தான் முடித்தார்கள். பின்னர் ஜேம்ஸ் கிரேட்ஹெட் என்பவர் கேடயத்தை வட்ட வடிவாக்கி, குடைந்த இடத்தில் வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்திக்கொண்டே போனார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கு என்பது. அதன்படி சொல்கிறேன். உங்களில் பலர் உறைகிணறு பார்த்திருப்பீர்கள். மண் சரியாமலிருக்கச் சுட்ட மண்ணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறோம். அந்த உறைகிணற்றைப் படுக்கவைத்துக் கல் கணக்கில் நீட்டிவிடுங்கள். அதுதான் இலண்டன் 'டியூப்'. அவ்வகையில் முதலாவது 1890இல் ஸ்டாக்வெல்லிலிருந்து தேம்ஸைக் கடந்து நகருக்குள் வந்த பாதை. அதன் விட்டம் பத்தடிக்குச் சற்றே மிகும். அந்தக் குழாய்க்குள் நீராவி எஞ்சின் எப்படி ஓடும்? அங்கேதான் மின்சாரம் கைகொடுத்தது. ஆழத்துச் சுரங்கத்தில் மின்சார வண்டி ஓடியது உலகத்தில் அதுவே முதல் தடவை. பையன்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை அன்றுதான் கிடைத்தது. பழைய நீராவிப் பாதையும் 1905இல் மின்சாரத்துக்கு மாறியது.

இதில் மண்ணின் பங்கும் உண்டு. தேம்ஸுக்கு வடக்கே தரைக்கடியில் கனமான களிமண் படிவு இருக்கிறது. வெட்ட எளிது, நீர் கசியாது, வெட்டியபின் சிறிது நேரம் சரியாமல் நிற்கும். தெற்கே மண் அவ்வளவு இணக்கமன்று. அன்றியும் அப்பக்கம் தரைமேல் புகைவண்டிப் பாதைகள் முன்பே நிறைந்திருந்தன. ஆகவே இன்றுள்ள 272 நிலையங்களுள் வெகு சிலவே ஆற்றுக்குத் தெற்கே அமைந்துள்ளன. இருப்புப் பாதைப் படத்தைப் பார்த்தே அடியிலுள்ள மண்ணை ஓரளவு ஊகிக்கலாம். புவியியல் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்க. அந்தக் களிமண் நூறாண்டுக்கு மேலாக வண்டிகளின் வெப்பத்தை உறிஞ்சி உறிஞ்சித் தானே சூடேறிவிட்டது என்பதும், கோடையில் ஆழ்ந்த பாதைகளில் வியர்த்து விறுவிறுக்கிறது என்பதும் பிற்காலத்துச் செய்தி.

பாதை சென்ற இடமெல்லாம் நகரம் பின்தொடர்ந்தது. 1907இல் கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் நிலையம் திறந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் வயல்கள். சில ஆண்டுகளுக்குள் அது வீடுகள் நிறைந்த ஊராயிற்று. கிளைகள் பெருகவே, படம் பார்த்து வழி அறிவதே கடினமாயிற்று. ஹாரி பெக் என்ற வரைவாளர், பூமிக்கடியில் போகிறவனுக்குத் தூரமும் திசையும் வேண்டா, நிலையங்களின் வரிசையும் வண்டி மாறும் இடமும் போதும் என்று கண்டு, நேர்கோடுகளாலேயே ஒரு படம் வரைந்தார். முதலில் அதை மறுத்துவிட்டார்கள். 1933இல் அச்சிட்டுக் கொடுத்தபின் மக்கள் விரும்பி வாங்கிச் சென்றார்கள். அளவுக்கு ஒத்துவராத நிலப்படம் தவறான நிலப்படம் என்று மதிப்பெண் குறைத்தவன் நான். பெக் வரைந்ததை என் மாணவன் வரைந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

1940 செப்டம்பர் 7ஆம் நாள் முதல் இலண்டன்மீது இரவுதோறும் குண்டு மழை பொழிந்தது. சுரங்க நிலையங்களைப் புகலிடமாக்க அரசு விரும்பவில்லை. வண்டிகள் ஓடியாக வேண்டும். அன்றியும் உள்ளே போன மக்கள் அஞ்சி அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற ஐயம். மக்களோ வாதாடவில்லை. மலிவான சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, பாயும் குழந்தையுமாகக் கீழே இறங்கினார்கள், மேலே ஏறவில்லை. அரசு இறங்கிவந்தது. அம்மாதக் கடைசியில் கணக்கெடுத்தபோது ஒரே இரவில் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்கினர். நடைமேடையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். ஒன்று விளிம்பிலிருந்து எட்டடியில், மற்றொன்று நான்கடியில். மாலை ஏழரை மணி வரை எட்டடிக் கோட்டுக்குப் பின்னாலும், அதன்பின் நான்கடிக் கோட்டுக்குப் பின்னாலும் படுத்துக்கொள்ளலாம். மிஞ்சிய இடத்தில் பிரயாணிகள் ஏறி இறங்கினார்கள். பின்னர் அடுக்குக் கட்டில்களும் கழிப்பிடங்களும் வந்தன. உணவு கொண்டுவரத் தனி வண்டிகள் ஓடின.

புகலிடம் எப்போதும் காப்பாற்றியதில்லை. அக்டோபர் 14இல் பால்ஹாம் நிலையத்தின்மேல் குண்டு விழுந்து, நீர்க்குழாய்கள் உடைந்து, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெத்னல் கிரீனில் நடந்ததோ வேறு வகை. அங்கே நிலையம் கட்டி முடியவில்லை. புகலிடமாக மட்டும் பயன்பட்டது. 1943 மார்ச் 3ஆம் நாள் இரவு அபாயச் சங்கு ஊதியது. மழையில் நனைந்த படிகள். ஒரே ஒரு மங்கிய விளக்கு. நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அருகிலுள்ள பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பேரோசையுடன் எழும்பவே, மக்கள் குண்டென்று எண்ணி நெருங்கினர். கீழ்ப்படிகளில் குழந்தையோடு ஒரு பெண் இடறி விழுந்தாள். அவள்மேல் ஒருவர், அவர்மேல் பலர். சில விநாடிகளில் படிக்கட்டு மனித உடல்களால் அடைபட்டது. 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அவ்விடத்தில் குண்டு எதுவும் விழவில்லை. அந்த வாயிலைத் திருத்தியமைக்க வேண்டுமென்று வட்டார நகரசபை 1941இலேயே கேட்டிருந்தது. செலவைக் காரணம் காட்டி மேலிடம் மறுத்தது. விபத்தை விசாரித்த அறிக்கையும் 1945 வரை வெளிவரவில்லை. சுரங்கப் பாதை என்றவுடன் சுரங்கத்தையே எண்ணுகிறோம். அதற்கு இறங்கும் படிக்கட்டை யாரும் எண்ணுவதில்லை. 1987 நவம்பர் 18இல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டின் கீழே சேர்ந்திருந்த எண்ணெய்க் குப்பையில் தீக்குச்சி ஒன்று விழுந்து 31 பேர் இறந்தபோதும் காரணம் இவ்வாறே படிக்கட்டாக இருந்தது.

நம் நாட்டில் கொல்கத்தா 1984இலும், சென்னையின் சுரங்கப் பகுதி 2017இலும் பிரயாணிகளைக் கண்டன. சென்னையில் பாறையையும் களியையும் குடைந்து சென்ற பெரும் பொறிகள் கிரேட்ஹெட்டின் கேடயத்துக்குப் பேரப்பிள்ளைகள். வார்ப்பிரும்புக்குப் பதிலாகச் சிமெண்டுக் காங்கிரீட் வளையம் பொருத்துகின்றன, அவ்வளவே.

இலண்டனில் 2022 மே 24ஆம் நாள் எலிசபெத் பாதை என்ற புதிய பாதை திறக்கப்பட்டது. அதற்காகக் குடைந்தெடுத்த மண்ணில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி, கடலோரத்தில் வாலஸீ என்னும் தீவுக்குக் கொண்டுபோய், நீர்ப்பறவைகள் தங்கும் சதுப்பு நிலம் அமைத்தார்கள். ஃபாரிங்டன் அருகே தோண்டியபோது, கொள்ளைநோயில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் இருபத்தைந்து அகப்பட்டன. 1863இல் முதல் வண்டி போய் நின்ற அதே ஃபாரிங்டன்தான். இன்று அங்கே பழைய பாதையிலிருந்து இறங்கிப் படிகளில் கீழே சென்றால் புதிய பாதையின் வண்டி வந்து நிற்கிறது.