காலுக்காகச் செருப்பா, செருப்புக்காகக் காலா?

(தலைப்பு: காலணியில் நாம் முதலில் பார்க்க வேண்டியது அழகே! சௌகரியமே! — ‘சௌகரியமே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, பளபளன்னு பாலிஷ் போட்டுக்கிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, காமராஜர் பிறந்த இந்த விருதுநகர் மண்ணில், சூடான எண்ணெய்ப் புரோட்டாவைக்கூடத் தள்ளி வெச்சிட்டு எங்க பேச்சைக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. “ஆள் பாதி, ஆடை பாதின்னு சொல்றோமே, கோட்டு சூட்டுப் போட்டுட்டுக் கீழே ரப்பர் செருப்பா போட முடியும்?” நியாயமான கேள்வி. ஆனா அம்மா, தமிழன் ஒரு மனுஷனைப் பார்த்து எடை போடுறப்போ என்ன வரிசையில சொல்றான்? நடை, உடை, பாவனை! உடை இரண்டாவதுதான். முதல்ல நடை! (கைதட்டல்) கடிக்கிற ஷூவைப் போட்டுட்டு நொண்டி நொண்டி நடந்தா, நடையும் போச்சு, முகத்துல பாவனையும் போச்சு. மூணுல ரெண்டு போன பிறகு உடை மட்டும் இருந்து என்ன பிரயோசனம்?

அனுபவத்தில் சொல்றேன் நடுவர் அவர்களே. என் கல்யாண வரவேற்புக்குக் கூர்மூக்கு வெச்ச கறுப்பு ஷூ வாங்கினேன். கடையிலேயே சுண்டுவிரல் நசுங்குச்சு. கடைக்காரர், “போடப் போட விட்டுக் கொடுக்கும் சார்”னார். மேடையில நாலு மணி நேரம் நின்னேன். ஷூ விட்டுக் கொடுக்கவே இல்லை. நான்தான் விட்டுக் கொடுத்தேன். (சிரிப்பு) ஆல்பத்தைப் பார்க்கிறவங்க எல்லாம் இன்னைக்கும் கேட்கிறாங்க, “மாப்பிள்ளைக்குப் பொண்ணு பிடிக்கலையா?” என் வீட்டுக்காரியும் கேட்கிறாள்! அன்னைக்குப் பிடிக்காதது ஷூ மட்டும்தான்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். யார் நம்புறா? (சிரிப்பு, கைதட்டல்)

ஏன் எனக்கு ஷூ சேரலை? நான் சிவகாசிக்காரன். எங்க அம்மா பட்டாசு ஆலையில சரவெடி பின்னினவங்க. அந்த அறைக்குள்ள செருப்போட போக முடியாது. ஆணி அடிச்ச செருப்பு உரசினா பொறி வரும். பொறி வந்தா என்ன வரும்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பு வாசல்ல நிக்கிறது மத்த ஊர்ல சாமிக்கு மட்டும். எங்க ஊர்ல மருந்துக்கும் சேர்த்து! (கைதட்டல்) அப்படிச் சின்ன வயசுல இருந்து வெறுங்காலோட நடந்து நடந்து, அம்மாவுக்கு விரலெல்லாம் விரிஞ்ச அகலமான கால். அதே கால்தான் எனக்கும். நீளத்துக்கு ஏழாம் நம்பர் போதும், அகலத்துக்கு ஒன்பது வேணும். ஒன்பது வாங்கினா முன்னாடி காலியா கிடக்கும். பஞ்சு அடைச்சுப் போடுவேன்.

என் கால்தான் கோளாறுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். கோளாறு காலில் இல்லை, அளவில்! சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் தொடங்கிய நிறுவனம். அவர்கள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவி வைத்து அளந்தார்கள். 2024-ல் முடிவு செய்தியாக வந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது! நாம் இத்தனை காலமும் வாங்கினது ஆங்கிலேயன் விட்டுட்டுப் போன அளவு. அகலம் பத்தாம நீளமான ஷூ வாங்குறோம். அப்புறம் அது கழன்று வராம இருக்க லேசை இறுக்கிக் கட்டுறோம். இந்தியக் காலுக்கென்று அவர்கள் வகுத்த புது அளவு முறைக்கு ‘பா’ என்று பெயர். பாரதத்தில் வருகிற ‘பா’! சுதந்திரம் 1947-லேயே வந்திருச்சு. நம்ம காலுக்கு இப்பத்தான் வருது! (பலத்த கைதட்டல்)

வெள்ளைக்காரன் மட்டும் சுகமா இருந்தானான்னா, அதுவும் இல்லை. சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலான ஷூவில் இடது, வலது வித்தியாசமே கிடையாது. ரெண்டும் ஒண்ணு போலத்தான் தைப்பான். போட்டுப் பழகு, உன் கால் அதுக்கேத்த மாதிரி மாறிக்கும்! நம்ம பெரியவங்க அதைத்தான் கேட்டாங்க: செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?

நடுவர் அவர்களே, இதுவரை சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இப்போ சொல்லப் போறது சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்த வரவேற்புக்கு எங்க அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். தங்கக் கலர் வார், கொஞ்சம் உயரமான குதி. “எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?”னாங்க. “சம்பந்தி வீட்டு ஆளுங்க வர்றாங்கம்மா, போட்டுக்கோங்க”ன்னேன். போட்டுக்கிட்டாங்க. ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை. கழற்றினப்போ பெருவிரல் பக்கம் தோல் உரிஞ்சு ரத்தம். பதறிப் போய், “ஏம்மா சொல்லலை?”ன்னு கேட்டா, “வலிக்கவே இல்லையேய்யா”ன்னாங்க.

டாக்டர்கிட்டே போனோம். சுகர். அவர் சொன்னார், “வலிக்கலைங்கிறதுதாம்மா வியாதி.” அந்தப் புண் ஆற மூணு மாசம் ஆச்சு. விரல் தப்பிச்சது கடவுள் புண்ணியம். என் ஜம்பத்துக்கு எங்க அம்மா கொடுத்த விலை அது.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மருத்துவர் ஒருத்தர் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்கிறது என்று எல்லாரும் நம்பிய காலம். அவர் பார்த்துச் சொன்னார்: நோய் தின்னவில்லை, உணர்ச்சி மரத்துப் போனதால் அடிபடுவதும் புண்ணாவதும் தெரியவில்லை, அதனால்தான் விரல் போகிறது. வலி சாபமில்லை, வரம் என்றார். அந்தக் கால்களைக் காக்க மெத்தென்ற நுண்ரப்பர் வைத்த செருப்புகளை உருவாக்கச் செய்தார். இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்களே, அதுதான்.

எங்க அம்மாவுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. வாங்கி வந்தேன். பார்த்துட்டு, “இது ஆஸ்பத்திரிச் செருப்புய்யா, கோயிலுக்குப் போட்டுட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”ன்னு மூலையில வெச்சிட்டாங்க.

உடனே எதிரணி கை தட்டும்: பார்த்தீங்களா, அழகு வேணும்னு உங்க அம்மாவே சொல்லிட்டாங்க! ஆமாம், ஒத்துக்கறேன். நானும் அழகு வேண்டாம்னு சொல்லலையே! நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கடைவீதியில் செருப்புத் தைக்கிற பெரியவர்கிட்டே போனேன். அம்மாவைப் பேப்பர் மேல நிக்க வெச்சு, ரெண்டு காலையும் பென்சிலால வரைஞ்சார். அடியில அதே எம்.சி.ஆர். ரப்பர். மேலே மெத்தென்ற அரக்குக் கலர்த் தோலில் அகலமான வார், பின்னாலேயும் ஒரு வார். அம்மா போட்டுப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு என் கல்யாண ஆல்பத்துல இல்லை நடுவர் அவர்களே! (கைதட்டல்)

எங்க அணியின் வாதம் அந்தச் செருப்புலதான் இருக்கு. அழகு மேல்வார், சௌகரியம் அடிப்பாகம். அடியை வெச்சிட்டு மேலே எத்தனை வாரும் தைக்கலாம். அடியே இல்லாம வாரை எங்கே தைக்கிறது?

வீட்டுல கல்யாணம் வெச்சிருக்கிறவங்க, பிள்ளையை இன்டர்வியூவுக்கு அனுப்புறவங்க கேட்டுக்குங்க. ஷூ வாங்கச் சாயங்காலம் போங்க. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப் போற அதே சாக்ஸோட போங்க. காலை வரைஞ்ச பேப்பரைக் கொண்டு போய் ஷூவின் அடியில வெச்சுப் பாருங்க. காலைவிட ஷூ குறுகலா இருந்தா, இனாமா கொடுத்தாலும் வேண்டாம். ரெண்டு காலிலேயும் போட்டு, எழுந்து நின்னு, நடங்க. விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் இடம் இருக்கணும், குதிகால் கழலக் கூடாது. நல்ல தோல் கொஞ்சம் அகலம் கொடுக்கும். நீளம் ஒருநாளும் கொடுக்காது. இதெல்லாம் பொருந்தின ஜோடிகளை வரிசையா வெச்சு, அதுல அழகானதை எடுங்க. அழகுக்கும் இடம் உண்டு. வரிசையில ரெண்டாவது இடம்!

எங்க ஊர் சிவகாசியில அச்சடிக்கிற காலண்டரைப் பாருங்க. தாமரைப் பூ மேல லட்சுமி நிக்கிறாங்க. எத்தனை நகை, எத்தனை பட்டு! காலுக்கு மட்டும் மெத்துன்னு பூ. மகாலட்சுமியே காலுக்குச் சௌகரியம் பார்த்துத்தானே நிக்கிறாங்க! (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, காலணியில் முதலில் பார்க்க வேண்டியது சௌகரியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள். தீர்ப்புச் சொல்ல எழுந்து நிக்கிறப்போ, மேஜைக்கு அடியில கழற்றி விட்டிருக்கீங்களே, அந்த ஷூவை மறக்காம மாட்டிக்கிட்டு எழுந்திருங்கள்! (சிரிப்பு)